ஒருவரும் இல்லாத ஊரில் ஒரு கிழமை

அண்ணை,

இன்று காலை ஒரு போத்தல் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மகன் துருக்கிக் கடையில் வாங்கி வைத்துவிட்டுப் போன ஒலிவ் காய். துணியால் பிடித்து முறுக்கி, சுடுதண்ணீரில் காட்டி, கடைசியில் கரண்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டியதும் திறந்தது. உப்பும் புளிப்பும் எண்ணெயுமாக ஒரு மணம் குசினி முழுக்கப் பரவியது. கூடவே உங்கள் குரலும் வந்தது: "உப்புத் தண்ணியில போட்ட நெல்லிக்காய்க்கு ஆரோ மண்ணெண்ணெய் ஊத்திப்போட்டாங்கள், மாஸ்டர்."

நான் தனியாக நின்று சிரித்தேன். சரோ எட்டிப் பார்த்து, "என்ன, போத்தலோட கதைக்கிறியளோ?" என்றாள்.

"இல்லை, அண்ணையோட."

அவள் ஒரு காயை எடுத்து வாயில் போட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டாள். நீங்கள் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. ஆனாலும் இந்த வீட்டில் உங்களோடு யாராவது கதைப்பது அதிசயமில்லை.

அந்தக் கிரேக்க ஊருக்குப் போகும் யோசனை என்னுடையதுதான். யாழ்ப்பாணத்தில் நான் படிப்பித்தது புவியியல். மத்தியதரைக் கடலைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் கீறியிருக்கிறேன். கோடையில் வெயில், மாரியில் மழை, ஒலிவ், திராட்சை, தோடை என்று பிள்ளைகளைப் பாடமாக்க வைத்தவன், ஒரு ஒலிவ் மரத்தைக் கண்ணால் கண்டதில்லை. நீச்சல் தெரியாதவன் நீச்சல் பழக்கிய கதைதான். ஓய்வு பெற்று லண்டனில் பிள்ளைகளோடு வந்து சேர்ந்த பிறகு, ஒருமுறையாவது அதைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. சரோ ஒரு பயண முகவரிடம் கேட்டு, வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய ஒரு மீன்பிடி ஊரில் இரண்டு அறை எடுக்கலாம் என்று கண்டுபிடித்தாள். ஒன்று எங்களுக்கு. மற்றது யாருக்கு என்ற கேள்வி வந்தபோதுதான் நீங்களும் அக்காவும் எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்திருந்தீர்கள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறதா?

"அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை, அண்ணை."

"கலியாணமோ?"

"இல்லை."

"செத்தவீடோ?"

"கடவுளே, இல்லை."

"அப்ப ஏன் போவான்?"

உங்களில் பிழையில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு உலகப் படத்தைக் கீறச் சொன்னால் அப்படித்தான் கீறுவோம். பாரிஸ் என்றால் சித்தி வீடு. சூரிச் என்றால் பெரியப்பாவின் மகன். ரொறன்ரோ என்றால் பாதி ஊர். ஈபிள் கோபுரத்தை வாகனத்தின் யன்னலால் பார்த்ததோடு சரி, சித்தி வீட்டு மண்டபக் கலியாணத்துக்குப் பிந்திவிடக் கூடாது. படுக்க ஒரு சொந்தக்காரர் வீடு இல்லாத நகரம் எங்கள் படத்தில் வெறும் நீலக் கடல்.

நீங்கள் அதிலும் ஒரு படி மேலே. ஜெர்மனியில் உணவகக் குசினியில் நின்று உழைத்து, பிறகு லண்டனுக்கு மாறி, மிச்சம் என்கிற புறநகரில் ட்ராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அந்த மூலைக்கடையை எடுத்த நாளிலிருந்து, கலியாணத்துக்குப் போனாலும் பந்தியில் இருந்து எழும்பி நேரே விமான நிலையம்தான். விடியப் பேப்பர்க் கட்டு வருமுன் கடை திறக்கும். பத்து மணிச் செய்தி முடிந்த பிறகு பூட்டும். கடைக்கு மேலே வீடு. அக்காவுக்குப் புருஷனாக நீங்கள் மூன்று வேளையும் கிடைத்தீர்கள், ஆனால் படியில் ஏறியபடியோ இறங்கியபடியோ.

அன்று அக்கா கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மற்ற அறை எங்களுக்கு. நானும் வாறன், இவரும் வாறார்."

"கடையை ஆர் பாக்கிறது?" என்றீர்கள்.

"என்ர தம்பி பாப்பான்."

"உம்மட தம்பிக்குப் பாலையும் தயிரையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாது."

அக்கா சிரிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, மாஸ்டருக்கும் சரோவுக்கும் முன்னால சொல்லுறன். இந்த ஒரு கிழமை எனக்கு. கடைக்கு ரெலிபோன் எடுக்கேலாது. எடுத்தியள் எண்டா, திரும்பி வந்து நான் பெட்டியைப் பிரிக்கமாட்டன். அப்பிடியே ரொறன்ரோவுக்கு மகளிட்டப் போறன். அவள் எனக்கு அறை ஒதுக்கி வச்சிருக்கிறாள். நீங்கள் கடையைக் கட்டிக்கொண்டு இருங்கோ."

நீங்கள் பகிடி என்று நினைத்துச் சிரித்தீர்கள். நான் வகுப்பறையில் முகங்களைப் பார்த்துப் பழகியவன். சத்தம் போடுகிற பிள்ளையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. மெதுவாகச் சொல்கிற பிள்ளை செய்துவிடும். அக்கா மெதுவாகத்தான் சொன்னார்.

போய் இறங்கிய நாள் எங்களைப் பார்த்து அந்த வீட்டுக்காரர் என்ன நினைத்திருப்பார் என்று இப்போதும் யோசிப்பதுண்டு. மீன்பிடி ஊருக்குப் போகிறோம் என்று தெரிந்தும் அக்காவும் சரோவும் பெட்டிக்குள் டின் மீன் அடுக்கியிருந்தார்கள். கடதாசி சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் சுற்றி, அதற்கும் மேல் துவாய் சுற்றிய கருவாடு வேறு. சோற்றுக் குக்கர், மிளகாய்த்தூள், கோப்பித்தூள். வீட்டுக்காரர் வரவேற்பாக ஒரு வாளி மீனைக் கொண்டு வந்தார். அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. மேசையில் அடுக்கியிருந்த டின்களைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். எங்கள் நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஆபத்துக்கு," என்று நீங்கள் தமிழில் விளக்கம் சொன்னீர்கள். அவரும் விளங்கின மாதிரித் தலையை ஆட்டினார்.

சின்ன ஊர். குதிரை லாடம் போல் வளைந்த கரை. வெள்ளை வீடுகள், நீலக் கதவுகள், நாலைந்து படகுகள், அவற்றைவிட அதிகமாகப் பூனைகள். கொடியில் உடுப்புக் காயப்போடுவது போல் கணவாயைக் காயப்போட்டிருந்தார்கள். ஒரு கோயில், ஒரு கோப்பிக் கடை, ஒரு பலசரக்குக் கடை. அவ்வளவுதான். நான் ஒலிவ் மரம் ஒன்றைக் கண்டு, அதன் அடியில் நின்று, என் பழைய மாணவர்களுக்குப் பதிலாக அதற்கு ஒரு தரம் பாடத்தைச் சொல்லிப் பார்த்தேன். கோப்பிக் கடையில் தந்த உள்ளூர்ச் சாராயத்துக்குத் தண்ணீர் விட்டதும் பால் போல் மாறியது. நீங்கள் மணந்து பார்த்துவிட்டு, "இது வயித்துக்குத்துக்குக் குடுக்கிற ஓமத் தண்ணி, மாஸ்டர்," என்றீர்கள். ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

உங்கள் கைத்தொலைபேசி அக்காவின் கைப்பைக்குள் இருந்தது. வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள், கடலைப் பார்த்தபடி. ஒன்றில் அக்கா இருந்தார். மற்றதில் உங்களை இருத்தினார். உங்கள் வலது கால் ஆடத் தொடங்கியது. பரீட்சை மண்டபத்தில் கேள்வித்தாளுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் கால் ஆடுமே, அப்படி.

"மாஸ்டர்," என்று என்னைக் கூப்பிட்டீர்கள். "இந்தக் கடலை எவ்வளவு நேரம் பாக்கிறது?"

"விருப்பமான அளவு பாக்கலாம், அண்ணை."

"நான் பாத்து முடிச்சிட்டன்."

அக்கா கடலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னொருக்காப் பாருங்கோ," என்றார்.

அன்று முழுக்க லண்டனில் என்ன நடக்கிறது என்று எங்களுக்கு நேரடி வர்ணனை கிடைத்தது. இப்ப பாண் வந்திருக்கும். இப்ப பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளையள் இனிப்பு வாங்க வந்திருப்பினம். இப்ப லொத்தர் மெஷினுக்கு முன்னால கியூ நிக்கும், உவன் மச்சான் கடுதாசி உருளை மாத்தத் தெரியாமல் முழிப்பான். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். இரவு சரோவிடம், "ரொறன்ரோவில குளிர் கூடத்தான், என்ன?" என்று கேட்டிருக்கிறார். சரோ வந்து எனக்குச் சொன்னபோது அவள் குரலில் பயம் இருந்தது.

பிறகு ஒரு காலை நீங்கள் மாறிப்போனீர்கள். சவரம் செய்து, தலை இழுத்து, "நான் கொஞ்சம் நடந்திட்டு வாறன்," என்று புறப்பட்டீர்கள். மதியம்தான் வந்தீர்கள். முகத்தில் ஒரு வெளிச்சம். அடுத்த நாளும் அப்படியே. அக்காவுக்கு முதலில் சந்தோஷம். "மனுசன் நடக்கிறார், சரோ! வைத்தியர் சொல்லியே நடக்காத மனுசன்!" என்றார். அதற்கடுத்த நாள் அவர் உங்கள் சேர்ட்டை உதறியபோது வெங்காயச் சருகு விழுந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், அந்தப் பலசரக்குக் கடைக்குப் பக்கத்தில ஒரு ரெலிபோன் பெட்டி நிக்குது. இவர் சப்பாத்துக்குள்ள கோலிங் கார்ட் வச்சிருக்கிறாரோ தெரியாது. நான் போய்ப் பாக்கமாட்டன். நீங்கள் ஒருக்காப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ. எனக்குப் பொய் சொல்லாதேங்கோ."

போனேன். ரெலிபோன் பெட்டிக்குள் ஒரு பூனை படுத்திருந்தது. பக்கத்துக் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். நீங்கள் நின்றீர்கள். முன்னால் அல்ல, கல்லாப் பக்கம். சேர்ட்டின் கையை மடித்துவிட்டு, பழைய தராசில் வெங்காயம் நிறுத்துக்கொண்டு.

அந்தக் கடையின் சொந்தக்காரி மரியா, கறுப்பு உடுப்பில், காலை ஒரு பெட்டியின் மேல் நீட்டிக்கொண்டு மூலையில் இருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தீப்பெட்டி வாங்கப் போன நீங்கள், ராக்கையில் டின்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பதைக் கண்டீர்கள். ஒன்றைத் திருப்பினீர்கள். பக்கத்தில் இருந்ததையும் திருப்பினீர்கள். மரியா முதலில் கள்ளன் என்று நினைத்துத் தடியைத் தூக்கியிருக்கிறார். நீங்கள் நெஞ்சில் கைவைத்து, "கடை, கடை, எனக்கும் கடை!" என்று தமிழில் அலறியிருக்கிறீர்கள். எப்படி விளங்கியதோ, தடி இறங்கியது. ஒரு கோப்பி வந்தது. அடுத்த நாள் ராக்கை முழுக்க உங்கள் கையில்.

நான் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு மீனவர் உள்ளே வந்தார். "வாங்கோ முதலாளி, என்ன வேணும்? பாணோ?" என்றீர்கள். அவர் புருவத்தை உயர்த்தித் தலையை மேலே எறிந்தார். அந்த ஊரில் அதற்கு 'இல்லை' என்று பொருள். நீங்கள் 'ஓம்' என்று எடுத்துக்கொண்டு பாணைச் சுற்றத் தொடங்கினீர்கள். அவர் இன்னும் பலமாகத் தலையை எறிய, நீங்கள் இன்னொரு பாணை எடுத்தீர்கள். மரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மீனவர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள், அண்ணை. மிச்சம் ஊரில் இருந்த உங்கள் கடையில் நான் எத்தனை மாலை வந்து நின்றிருக்கிறேன். கதவு மணி அடித்தால் உங்கள் கண் முதலில் வருகிறவரின் கையைத்தான் பார்க்கும். அங்கே நீங்கள் இப்படிச் சிரித்து நான் காணவில்லை.

என்னைக் கண்டதும் வெளியே ஓடி வந்தீர்கள்.

"மாஸ்டர், சத்தியமா ரெலிபோன் எடுக்கேல்லை!"

"கடையில நிக்கிறியளே, அண்ணை."

"அவ சொன்னது என்ர கடையை. இது வேற ஆக்களின்ர கடை."

"இந்த நியாயத்தை அக்காவிட்டச் சொல்லுவமோ?"

"சொல்லாதேங்கோ, மாஸ்டர். போயிடுவா." உங்கள் குரல் அப்போதுதான் இறங்கியது. "அவ பகிடிக்குச் சொல்லேல்லை. எனக்குத் தெரியும்."

தெரிந்திருந்தது உங்களுக்கு. தெரிந்தும் அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் 'கடையில் நிற்கிறார்' என்ற வாக்கியம் மட்டும்தான் அக்காவுக்குப் போய்ச் சேரும். அந்தச் சிரிப்பு சேராது. எரிமலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பதும் கொண்டுபோய்க் காட்டுவதும் ஒன்றல்லவே. "அக்கா, நான் சொல்லமாட்டன். வாங்கோ, காட்டுறன்," என்றேன்.

அவர் வந்தார். வாசலுக்கு வெளியே, வெயிலில், சீலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். நீங்கள் முதுகு காட்டிச் சீனி அளந்துகொண்டிருந்தீர்கள். யாரோ ஒரு பெண் உங்களுக்கு ஏதோ சொல்லித் தர, அதைத் திருப்பிச் சொல்லிப் பிழைவிட்டு, மறுபடி சொல்லி, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அக்கா வெகுநேரம் பார்த்தார். முகத்திலிருந்து என்னால் ஒன்றும் வாசிக்க முடியவில்லை. பிறகு உள்ளே போய்க் கியூவில் நின்றார். முறை வந்ததும், "தீப்பெட்டி ஒண்டு தாங்கோ," என்றார்.

நீங்கள் தீப்பெட்டியை எடுத்து வைத்து, "வேற என்ன?" என்றும் கேட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தீர்கள்.

அந்த நேரம் பார்த்து மரியா தடியை ஊன்றி எழும்பினார். மதியமாகிவிட்டது. கடையில் நின்றவர்களைக் கையால் ஓட்டினார். உங்களையும் தோளில் பிடித்து வெளியே தள்ளினார். கதவைச் சாத்தித் திறப்பைத் திருகினார். "ஐயோ, ஆக்கள் வருவினம்!" என்று நீங்கள் பதறினீர்கள். அவர் வெயிலைக் காட்டினார், இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் காட்டினார், பிறகு நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பட்டப்பகலில் பூட்டிய கடை. நீங்கள் அதன் படியில் இருந்துவிட்டீர்கள். யாரும் வந்தால் சொல்ல ஒருவராவது இருக்க வேண்டுமாம். அக்கா வந்து பக்கத்தில் இருந்தார். நானும் சரோவும் எதிரே ஒலிவ் மர நிழலில் நின்றோம், போவதா நிற்பதா என்று தெரியாமல்.

ஒரு கிழவர் வந்தார். கதவைத் தள்ளிப் பார்த்தார். நீங்கள் எழும்பிக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டீர்கள். அவர் தோளைக் குலுக்கினார், கரையில் கவிழ்த்திருந்த படகின் நிழலுக்குப் போனார், தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

"பாத்தீங்களோ? வேற கடைக்குப் போகேல்லை," என்றார் அக்கா.

"இஞ்ச வேற கடை இல்லை."

"மிச்சம் ஊரில உங்கட ஆக்களும் போகமாட்டினம்."

"போவினம்."

"போகட்டும். திரும்பி வருவினம்."

"வராட்டி?"

"வராட்டி நான் இருக்கிறன்."

உங்கள் கால் ஆடவில்லை. சரோ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். மாலையில் மரியா கடை திறக்க வந்தபோதும் நீங்கள் இருவரும் அந்தப் படியில்தான் இருந்தீர்கள். என்ன கதைத்தீர்கள் என்று நான் கேட்டதில்லை. "மாஸ்டர், கடலில நிறம் மாறுது, கவனிச்சனீங்களோ?" என்று மட்டும் அன்றிரவு சொன்னீர்கள். நான் கவனித்திருக்கவில்லை.

அதன் பிறகு அக்காவின் அனுமதியோடு காலையில் கடை, மதியத்தில் படி. கருவாட்டை அக்காவே மரியாவுக்குப் பொரித்துக் காட்டினார். அவர் அதை விரும்பிச் சாப்பிட்டு, முள்ளைப் பூனைக்குப் போட, பூனை மணந்துவிட்டுப் போய்விட்டது. புறப்படும் நாள் மரியா உங்கள் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். நீங்கள் மின்கம்பம் போல் நின்றீர்கள்.

"இவ்வளவு வருசத்தில எனக்கு முன்னால ஒரு பொம்பிளை உங்களைக் கொஞ்சினது இதுதான் முதல் தரம்," என்றார் அக்கா.

"உமக்குப் பின்னால எத்தினை எண்டு கேளாதையும்," என்றீர்கள். விமான நிலையம் வரை அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வீடு வந்து பெட்டியைப் பிரித்தார்.

அடுத்த கிழமை உங்கள் கடைக் கண்ணாடியில் அட்டை ஒன்று தொங்கியது: மதியம் இரண்டு மணித்தியாலம் பூட்டு. மிச்சம் ஊர் முழுக்க அதுதான் கதை. வருத்தமோ, வழக்கோ, பைத்தியமோ என்று ஆட்கள் என்னிடம் விசாரித்தார்கள். ஒரு ஐரிஷ் கிழவர் கைத்தடியால் கண்ணாடியில் தட்டுவார். நீங்கள் மேல்மாடி யன்னலால் கையை ஆட்டிவிட்டுத் திரைச்சீலையை மூடுவீர்கள். வியாபாரம் குறைந்தது. சிலர் வேறு கடைக்குப் போனார்கள், சிலர் திரும்பவில்லை. நீங்கள் அதைச் சொல்லிப் புறுபுறுத்தபடிதான் அக்காவோடு குளத்தடிக்கு நடந்து போவீர்கள், வாத்துக்களைப் பார்க்க. ஆனால் அட்டையைக் கழற்றவில்லை, கடைசிவரை. ரொறன்ரோவில் மகள் அந்த அறையைக் கம்பியூட்டருக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒரு சங்கதி உங்களுக்குச் சொன்னதில்லை. நானும் அப்போது வீட்டில் ரியூசன் வைத்திருந்தேன், உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட விடுமுறையில் காலையிலிருந்து பிள்ளைகள். ஓய்வு பெற்றவன் என்று பெயர், சரோவோடு இருந்து ஒரு நேரம் சாப்பிட்டதில்லை. உங்கள் அட்டையைப் பார்த்த கிழமையே பெற்றோரைக் கூப்பிட்டு, மதியத்தில் வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். மத்தியதரைக் காலநிலை என்றேன். அவர்களுக்கு விளங்கவில்லை.

அக்கா இப்போது எங்களிடம்தான் மதியத்துக்கு வருகிறார். குளத்தடிப் பக்கமாகச் சுற்றித்தான் வருவார். கடையை எடுத்த புதுத் தம்பதி நல்ல பிள்ளைகள். நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம், "பிள்ளை, ஒரு நாளைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு எங்கையாவது போ, சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத இடமாப் பாத்து," என்று சொல்லி வைத்திருக்கிறாராம்.

இதைத் தோட்டத்துக் கதிரையில் இருந்துதான் எழுதுகிறேன். சரோ ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். வெயில் கொஞ்சம் இருக்கிறது. உள்ளே ரெலிபோன் அடிக்கிறது. ஏதோ ஒரு பிள்ளையின் தாயாக இருக்கும், அடுத்த மாதம் சோதனை. முன்பென்றால் பாதிச் சோற்றில் எழும்பி ஓடியிருப்பேன். அக்கா தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, எழும்புகிறேனா என்று என்னைப் பார்க்கிறார்.

நான் எழும்பவில்லை, அண்ணை.